ஆணி அடிக்காத வீட்டில் ஒரு நாய்

மார்ச் 3, செவ்வாய்

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தெரியவில்லை, படிக்கப்போவது நான் மட்டும்தான். ஆனாலும் கேட்டுவைப்பது நல்லது. ‘ழ’ எழுத வந்தால் கை பாதி வழியில் நின்றுவிடுகிறது, மேடேறும் சரக்கு வண்டி மாதிரி. கோடு போட்ட நோட்டுதான். எழுத்துதான் தடம் புரள்கிறது.

எனக்கு எழுபத்திரண்டு வயது. எழுதப் படிக்கத் தெரிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கற்றுக்கொடுத்தது என் மனைவி. ரயில்வே யார்டில் பெட்டிகளைப் பிரிப்பதும் சேர்ப்பதும் என் வேலையாக இருந்தது. அங்கே எழுத்தே வேண்டாம். விசில், கொடி, கை அசைவு, அவ்வளவுதான் பாஷை. போன வருஷம் ஒருநாள் அவள் சொன்னாள். “இத்தனை காலம் நான் பேப்பர் படிச்சேன், நீங்க கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டீங்க. இனிமே நீங்க படிங்க. நான் கண்ணை மூடிக்கிறேன்.”

இப்போது படிக்கிறேன். அவள் கண்ணை மூடுகிறாள். சில சமயம் குறட்டையும் விடுகிறாள்.

எழுதியும் பழக வேண்டுமாம். எதைப் பற்றி எழுத என்று கேட்டேன். “உங்க காலடியில படுத்திருக்கே, அதைப் பத்தி எழுதுங்க. நாள் பூரா அதோடதானே பேச்சு.”

கை வலிக்கிறது. மீதி நாளைக்கு.

மார்ச் 4, புதன்

காலடியில் படுத்திருப்பவன் பெயர் கார்டு. தாய் அசல் மேய்ப்பு நாய், மாப்பிள்ளையின் நண்பர் ஒருவருடைய ஆட்டுப் பட்டியில் இருக்கிறது. தகப்பன் யார் என்பது தாய்க்கு மட்டுமே தெரியும். வாலைப் பார்த்தால் தெருக்காரன் என்று தோன்றுகிறது. கறுப்பும் வெள்ளையுமாக உடம்பு. ஒரு காது நிமிர்ந்து நிற்கும், இன்னொன்று மடிந்து விழும். பாதிப் பேச்சைக் கேட்பேன், மீதியை யோசித்துச் சொல்கிறேன் என்பது போல ஒரு முகம்.

மகளும் மாப்பிள்ளையும் வளர்த்த நாய். மாற்றலாகிப் போன ஊரில் அவர்களுக்குக் கிடைத்த வீட்டில் நாய்க்கு இடமில்லை. ஜனவரியில் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். மகள் வைத்த பெயர் என் வாயில் நுழையவில்லை. எங்கே போனாலும் எல்லோரையும் முன்னே விட்டுக் கடைசியில்தான் வருவான். ரயிலில் கடைசிப் பெட்டியில் வருகிறவர் யார்? கார்டு. அதுதான் பெயர்.

நாங்கள் கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மாடியில் வீட்டுக்கார அம்மா, தனியாக. நல்லவர்தான். ஆனால் சுவரில் ஓர் ஆணி அடிக்க விடமாட்டார். குடிவந்த அன்றே சொல்லிவிட்டார். காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. கடிகாரம் பிரிட்ஜின் தலையில் சாய்ந்திருக்கிறது. நாயைக் கொண்டுவந்தபோது மேலிருந்து நீளமாகப் பார்த்தார். “சுவத்தைப் பிராண்டாம இருந்தா சரி” என்றார்.

மார்ச் 6, வெள்ளி

இவனுக்கு ஒரு கொள்கை உண்டு. வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே அறையில் இருக்க வேண்டும். அவள் அடுப்படியில், நான் கூடத்தில் என்றால் பொறுக்காது. என் பின்னால் வந்து முழங்கால் மடிப்பில் மூக்கால் முட்டுவான். எழுந்திருக்காவிட்டால் மறுபடியும். கடிப்பதில்லை. ஆனால் விடுவதும் இல்லை. அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வாசலை அடைத்துக்கொண்டு படுத்து, பெருமூச்சு விடுவான். டூட்டி முடிந்தது.

அவள் இன்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னாள். “முப்பது வருஷம் நைட் டூட்டி நைட் டூட்டின்னு ஓடுனீங்க. உங்களைப் பிடிச்சு வீட்டுல நிறுத்த ஒரு நாய் வரவேண்டியிருக்கு.”

“அப்பவே ஒண்ணு வாங்கியிருக்கலாம்ல?”

“அப்ப எனக்கு அவ்வளவு ஆசை இல்ல.”

மார்ச் 8, ஞாயிறு

பெட்டியைக் குடைந்தபோது என் பழைய விசில் கிடைத்தது. ஊதினேன். கார்டு காற்றில் எழும்பிவிட்டான். இரண்டு காதும் நிமிர்ந்தன, அந்த மடிந்த காதுகூட.

எனக்குப் புத்தி பளிச்சென்று வேலை செய்தது. இவன் செய்வதும் நான் செய்ததும் ஒரே வேலைதானே. சிதறி நிற்பதைச் சேர்ப்பது. எங்கள் யார்டில் நீளமாக ஓர் ஊதல் என்றால் நில். குட்டையாக இரண்டு என்றால் பின்னால் போய்த் தள்ளிக்கொண்டு வா. அதையே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். இடம் கொல்லை. பெட்டிகளுக்குப் பதில் என் மனைவி.

“என்னை கூட்ஸ் வண்டி ஆக்கிட்டீங்களா?” என்று கேட்டாள். ஆனால் துணிக்கொடி அருகே போய் நின்றாள். இரண்டு ஊதினேன். கார்டு வட்டமடித்து அவளுக்குப் பின்னால் போய்ப் பதுங்கிப் பதுங்கி என்னிடம் ஓட்டிக்கொண்டு வந்தான். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மார்ச் 11, புதன்

பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் படித்தேன். கார்டு மரியாதையாகக் கேட்டான், பிஸ்கட் தீரும்வரை.

மார்ச் 15, ஞாயிறு

பிள்ளையாண்டான் தேறிவிட்டான். இரண்டு ஊதினால் மனைவி, லாண்டரிக்காரர், தபால்காரர் யாராக இருந்தாலும் கொண்டுவந்து சேர்க்கிறான். நீளமாக ஊதினால் அப்படியே தரையோடு படுக்கிறான். தபால்காரர் சைக்கிளோடு வந்து சேர்ந்தார். “உள்ள வரணும்னா வாயால கூப்பிடுங்க தாத்தா, வருவேன்” என்றார்.

யார்டில் என்னோடு வேலை செய்தவர்களில் பாதிப் பேர் இவ்வளவு சுத்தமாகச் சொன்னதைச் செய்ததில்லை.

மார்ச் 17, செவ்வாய்

வினை.

வீட்டுக்கார அம்மா தினமும் சாயங்காலம் தோழிகளோடு தெருவில் நடப்பார். பேங்கில் இருந்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர், தையல் கடை அம்மா ஒருவர். இன்று நடந்துகொண்டிருந்தார்கள். நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். விசில் என் பையில். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. திடீரென்று கார்டு கேட்டைத் தாண்டிப் பாய்ந்தான். மூன்று பேரையும் வட்டமடித்து, முட்டி முட்டி, லாண்டரிக் கடைச் சுவரோடு சேர்த்துவிட்டான். கடையிலிருந்து எட்டிப்பார்த்த லாண்டரிக்காரரையும் சேர்த்துக்கொண்டான். முன்னால் படுத்துவிட்டான். எவர் காலை எடுத்து வைத்தாலும் எழுந்து முறைக்கிறான்.

நான் ஓடிப்போவதற்குள் வீட்டுக்கார அம்மாவின் கைப்பை சாக்கடையில். கண்ணாடி, சாவி, போன் எல்லாம் அதற்குள்ளே.

லாண்டரிக்காரர் சிரித்திருக்கக் கூடாது. சிரித்தார்.

“பெரியவரே” என்றார் அந்த அம்மா, சத்தம் போடாமல். “இந்த மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. அதுக்கப்புறம் இந்த வீட்டுல ஒண்ணு நாய் இருக்கக் கூடாது, இல்ல நீங்க இருக்கக் கூடாது.”

மார்ச் 19, வியாழன்

இன்றும். இவனைக் கேட்டில் கயிற்றால் கட்டியிருந்தேன். கயிற்றை அறுத்து இழுத்துக்கொண்டு போய்விட்டான். இன்று தையல் கடை அம்மாவும் முன்பின் தெரியாத ஒரு மனிதரும்.

காலையில் அப்படி இல்லை. மத்தியானம் அப்படி இல்லை. சாயங்காலம் மட்டும் என்ன பிடிக்கிறது இவனுக்கு? ஜனவரி, பிப்ரவரி முழுக்க வாசலில் படுத்துக்கிடந்தவன்தானே. புத்தி பிசகிவிட்டதோ. ஏண்டா இப்படிப் பண்றே என்று கேட்டேன். மடிந்த காதைக் காட்டினான்.

மார்ச் 22, ஞாயிறு

மாப்பிள்ளை போன் செய்தார். “மாமா, என் பிரெண்டு பட்டியில ஒரு நாய் வேணும்னு சொன்னான். இவனோட அம்மாவும் அங்கதான் இருக்கா. சனிக்கிழமை நான் கார் எடுத்துட்டு வரேன். போய்ப் பார்ப்போம். ஆடு இருக்கு, காடு இருக்கு, ஓடுவான். இங்க கேட்டுக்குள்ள என்ன இருக்கு அவனுக்கு?”

சரி என்றேன். சரிதானே. ஆடு மேய்க்கப் பிறந்தவன் ஆட்டோடு இருக்கட்டும். தடுக்க நான் யாரு— ஆனா வீட்டுல அவ ஒரு ரூம்ல நான் ஒரு ரூம்லன்னு மறுபடி உக்காரணுமா? என்னால முடியாதுப்பா. வீட்டை மாத்திரலாமா? இந்த வயசுல எங்க போயி வீடு தேடறது— அவ முழங்காலுக்குப் படி ஏற முடியாது, இந்தக் கீழ்வீடு கிடைச்சதே பெரிசு.

எழுத்து மேலும் கெட்டுவிட்டது. நிறுத்துகிறேன்.

மார்ச் 25, புதன்

அவள் கார்டுக்கு இரண்டு முட்டை வைக்கிறாள். எனக்கு ஒன்று.

மார்ச் 28, சனி

நிறைய எழுத வேண்டும். மெதுவாகத்தான் வரும்.

காலையில் புறப்பட்டோம். வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த மனைவி, முதல் ஆளாகக் காரில் ஏறி உட்கார்ந்திருந்தாள். “அவனுக்கு ஜன்னலை இறக்கி விடுங்க மாப்பிள்ளை, காத்து வரட்டும்.” வழியெல்லாம் அவ்வளவுதான் பேசினாள்.

பட்டிக்காரர் தடித்த மனிதர், கனத்த குரல். கார்டின் தாய் வந்து மோந்து பார்த்தது. பெற்ற பிள்ளை என்று தெரிந்ததோ என்னவோ, ஒரு தும்மல் போட்டுவிட்டுப் போய்விட்டது. கார்டு என் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்தான். எதிரே ஆடுகள் மேட்டிலும் பள்ளத்திலுமாகச் சிதறி மேய்ந்தன. ஓர் ஆடு அவன் மூக்கை உரசிக்கொண்டே போனது. அசையவில்லை.

பட்டிக்காரர் கத்தினார், கையைத் தட்டினார், ஓடிக் காட்டினார். அவர்தான் ஓடினார். “என்னங்க இது? ஆட்டுக்குத் தலையணையாத்தான் ஆகும் போல” என்றார்.

விசில் என் சட்டைப் பையில் இருந்தது. ஊதினால் ஓடுவான், எனக்குத் தெரியும். ஊதாவிட்டால் உதவாத நாய் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார், அதுவும் தெரியும். கையைப் பைக்குள் விட்டேன், எடுத்தேன், விட்டேன். பிறகு அவனைப் பார்த்தேன். இவ்வளவு ஆடு கண்முன்னால் இருக்க, என் செருப்பில் முகத்தை வைத்துக்கொண்டு என் வாயைப் பார்க்கிறான். என் ஆசைக்காக இவனை மக்கு என்று பேர் வாங்க விடுவதா?

இரண்டு குட்டை ஊதினேன்.

எப்படி எழுதுவது. தரையோடு தரையாக ஒரு கறுப்புக் கோடு ஓடியது. மேட்டைச் சுற்றிப் பின்னால் போனான். சிதறிக் கிடந்த ஆடெல்லாம் ஒன்றாகின, பெட்டி பெட்டியாகக் கோத்துக்கொண்டு ரயில் வருகிற மாதிரி என்னைப் பார்த்து வந்தன. கடைசியில் அவன். நீளமாக ஊதினேன். படுத்தான். ஆடுகளும் நின்றன. என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். பாதி சந்தோஷத்தில்.

“தங்கம்யா இது” என்றார் பட்டிக்காரர். “இங்கேயே விட்டுட்டுப் போங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆடே எதிரில் நின்றாலும் விசில் இல்லாமல் இவன் ஓடவில்லை. அப்படியென்றால் தெருவில் எதற்கு ஓடினான்?

“நம்ம தெருவுல சாயங்காலம் யாராவது விசில் ஊதுறாங்களா?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்கு எங்க கேக்குது? தூரத்து விசில் காதுல விழுந்து எத்தனையோ வருஷமாச்சு. இஞ்சின் பக்கத்துல நின்னு நின்னு போயிடுச்சு.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “ஊதலாம். யாராவது ஊதிக்கிட்டுத்தான் இருப்பாங்க. யார்டு குவார்ட்டர்ஸ்ல ராவும் பகலும் விசிலுக்கு நடுவுல குடித்தனம் பண்ணவ நான். விசிலை எல்லாம் காதுல வாங்குனா நான் எப்பத் தூங்கியிருப்பேன்?”

மாப்பிள்ளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஆச்சரியம். எங்களுக்கு அது பழகிப்போன குடித்தனம்.

மாசம் முடிய இன்னும் நாள் இருக்கிறது என்று பட்டிக்காரரிடம் சொன்னேன். “கதவு திறந்தே இருக்குங்க” என்றார். கார்டு காரில் ஏறினான், கடைசியாக.

மார்ச் 30, திங்கள்

சாயங்காலம் கேட் அருகே மூவரும் நின்றோம். அவளுக்கு ஒரே உத்தரவு, காதைத் திறந்து வைத்துக்கொள். என் வேலை, கார்டின் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொள்வது.

“ஊதுறாங்க. எதிர்ப் பள்ளிக்கூடத்துல. சின்னதா ரெண்டு” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் பட்டை என் கையில் இல்லை. பள்ளிக்கூட மைதானத்தில் டிரில் மாஸ்டர், பிள்ளைகளை வரிசைக்குக் கூப்பிட அதே இரண்டு குட்டை ஊதல். கார்டு தையல் கடை அம்மாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். நான் என் விசிலை எடுத்து முழு மூச்சோடு நீளமாக ஊதினேன்.

கார்டு படுத்தான். மைதானமும் நின்றது. ஓடிக்கொண்டிருந்தவன் ஓடியபடி, பந்தைத் தூக்கியவன் தூக்கியபடி. அவர் ஊரிலும் நீளம் என்றால் நில் போல.

மாஸ்டர் மதில்மேல் தலையை நீட்டினார். “யாருங்க என் கிளாஸை நிறுத்துனது?”

சொன்னேன். ஆதியோடந்தமாக. கேட்டுவிட்டு நாயைப் பார்த்தார். “பத்து வருஷமா ஊதறேன் பெரியவரே. ரெண்டாவது ஊதலுக்கு ஒரு பையன் திரும்பிப் பார்க்க மாட்டான். உங்க ஆளு வெளித்தெருவுல இருந்து வரான்.”

“நீங்க கொஞ்சம் மாத்தி ஊதினா...”

“பிள்ளைங்களுக்கு இது புரியவே பத்து வருஷம் ஆச்சு. நாய்க்குச் சீக்கிரம் புரியும். அதை மாத்துங்க.”

நியாயம்தான். நாய்க்குப் புத்தி பிசகவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததை ஓர் எழுத்து விடாமல் செய்திருக்கிறான். திட்டினேனே இவனை.

மார்ச் 31, செவ்வாய்

மாடி ஏறினேன். முழுவதையும் சொன்னேன். தப்பு நாயுடையது இல்லை, என்னுடையது, விசிலை மறக்கடித்துக் கொடியில் பழக்குகிறேன், ஒரு வாரம் கொடுங்கள் என்றேன்.

“ஊதினது அவரு. கத்துக்கொடுத்தது நீங்க. சாக்கடைக்குள்ள போனது என் பை” என்றார்.

“ஆமாம்மா.”

“ஒரு வாரம். செவ்வாய்க்கிழமை நான் நடக்கப் போவேன். பார்க்கலாம்.”

ஏப்ரல் 2, வியாழன்

பழைய பச்சைப் போர்வையில் மனைவி ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தாள். பச்சை ஆட்டினால்தான் போ. பள்ளிக்கூட விசில் கேட்டும் படுத்திருந்தால் முட்டை. இன்று ஒரு தடவை எழுந்து ஓடினான். அவனுக்கு முட்டை இல்லை. எனக்கும் இல்லை என்றாள், வாத்தியாருக்கும் தண்டனை உண்டாம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

இன்று பள்ளி விடுமுறை. டிரில் மாஸ்டர் தானாகவே வந்து மதிலடியில் நின்று ஊதிக் கொடுத்தார். மூச்சு வாங்கும்வரை. கார்டு உடம்பெல்லாம் நடுங்கினான், எழுந்திருக்கவில்லை. “என் கிளாஸ்ல சேர்த்துக்கறேன்” என்றார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

கேட்டைத் திறந்து வைத்தேன். திறந்தால்தான் பரீட்சை. கார்டு வாசலில் படுத்திருந்தான். மூன்று அம்மாக்களும் வந்தார்கள். எனக்கு விசில் கேட்காது. ஆனால் அவன் மடிந்த காது நிமிர்ந்தது, அதிலிருந்து தெரிந்துகொண்டேன். எழுந்தான். என் கையைப் பார்த்தான். கை வெறும் கை. மறுபடி பார்த்தான். பெருமூச்சு விட்டுப் படுத்துவிட்டான்.

வீட்டுக்கார அம்மா கடந்து போனார். திரும்பி வந்தார். மறுபடி கடந்தார், இந்தத் தடவை ரொம்பக் கிட்டத்தில், வேண்டுமென்றே. கைப்பையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தார். ஒன்றும் சொல்லாமல் மாடி ஏறிவிட்டார்.

ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன அர்த்தம்? மனைவியிடம் கேட்டேன். “ஒண்ணும் சொல்லலேன்னு அர்த்தம். சாப்பிட வாங்க.”

ஏப்ரல் 12, ஞாயிறு

வெள்ளிக்கிழமை ஓர் அட்டையில் நானே எழுதி, கேட்டில் கயிற்றால் கட்டினேன். “இங்கே நாய் இருக்கிறது. தயவுசெய்து விசில் ஊதாதீர்கள்.” என் எழுத்தை ஊர் படிப்பது இதுதான் முதல் தடவை. தபால்காரர் நின்று படித்தார். நான் ஜன்னல் வழியாக அவர் உதடு அசைவதைப் பார்த்தேன். சொல்லத் தெரியாத சந்தோஷம்.

இன்று சாயங்காலம் மாடியிலிருந்து குரல். “பெரியவரே, அந்தப் பச்சைத் துணி கையில இருக்கா?”

“இருக்கும்மா. ஏன்?”

“பேங்க் அம்மா லாண்டரிக் கடையில நின்னு பேச ஆரம்பிச்சிருக்கா. அவ வந்து, நாங்க இன்னிக்கு நடக்கப் போன மாதிரிதான். முட்டாம, மெதுவா கொண்டுவரச் சொல்லுங்க.”

பச்சையை ஆட்டினேன். கார்டு போனான், ராஜ நடை. பேங்க் அம்மா பேச்சை முடிக்காமலே நடந்து வந்தார், பின்னால் திரும்பி லாண்டரிக்காரரிடம் மீதியைச் சொல்லிக்கொண்டே. வீட்டுக்கார அம்மா படியிறங்கி வந்தார். சிரிப்பை உதட்டுக்குள் வைத்திருந்தார். கேட்டில் நின்று என் அட்டையைப் படித்தார்.

“யாரு எழுதுனது? கோழி கிண்டுன மாதிரி இருக்கு.”

“நான்தாம்மா.”

“நல்ல பலகை ஒண்ணு மாடியில கிடக்கு, தரேன். பெயிண்ட்ல திருத்தமா எழுதுங்க. கயித்துல கட்டாதீங்க, காத்துல போயிடும்.” கேட்டை ஒட்டிய சுவரைக் கையால் தட்டிக் காட்டினார். “இங்க வச்சு ஆணி அடிச்சிருங்க.”

மனைவி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆணியாம்.

பலகை இப்போது என் பக்கத்தில் இருக்கிறது. ‘நாய்’ சுலபம். ‘ஊதாதீர்கள்’தான் நீளம், கடைசியில் இடம் போதாமல் போகும், அளந்து எழுத வேண்டும். அடுத்த வாரம் அது எப்படி வந்தது என்று இங்கே எழுதிவைக்கிறேன். இன்னும் எழுதலாம், ஆனால் அவள் உள் அறைக்குப் போய்விட்டாள், முழங்கால் மடிப்பில் மூக்கு முட்டுகிறது. போக வேண்டும்.